எட்டு மில்லியன் முழங்கால்

மணி ஒன்பது பத்து. பிற்பகல் ஒரு மணிக்குள் ஆறு மில்லியன் டாலரைக் குறைக்க வேண்டும். முர்ரே கொஸ்டியுக் அதுவரை குறைத்திருந்தது காப்பியில் போடும் சர்க்கரையை மட்டும்தான்.

சாஸ்கடூன் ஸ்டர்ஜன்ஸ் என்ற ஐஸ் ஹாக்கி அணிக்கு அவர் துணை மேனேஜர். வேலை ஒன்றே ஒன்று. இருபத்துமூன்று ஆட்டக்காரர்களின் சம்பளத்தையும் கூட்டினால் வருகிற தொகை, லீக் போட்டிருக்கும் உச்சவரம்பைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பதினான்கு வருஷமாகத் தாண்டாமல்தான் பார்த்துக்கொண்டிருந்தார். போன சனிக்கிழமை மேனேஜர் ரஸ் டில்லட்சன், யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல், கோல்களாகக் குவிக்கும் ஃபின்லாந்துக்காரர் லெஹ்டோவை வாங்கிப் போட்டுவிட்டார். அதை முர்ரேவிடம் மறுநாள் சர்ச் வாசலில் வைத்து, போகிற போக்கில் சொன்னார்.

"சம்பளம் எவ்வளவு?" என்றார் முர்ரே.

"சம்பளத்தைப் பாக்காதே. ஆளைப் பாரு."

சம்பளத்தைப் பார்க்கத்தான் முர்ரேவுக்குச் சம்பளம். பார்த்தார். உச்சவரம்புக்கு மேலே சரியாக ஆறு மில்லியன் நின்றது.

இன்று திங்கட்கிழமை. இந்தப் பருவத்தில் ஆட்டக்காரர்களைக் கைமாற்றிக்கொள்ள இதுதான் கடைசி நாள். சாஸ்கடூன் கடிகாரப்படி பிற்பகல் ஒரு மணிக்குக் கதவு சாத்தப்படும். அதற்குள் வரம்புக்குள் வராவிட்டால் லீக் லெஹ்டோவைத் திருப்பி அனுப்பிவிடும். லீக் அனுப்பிய கடிதம் இதை இரண்டு பக்கத்தில் சொன்னது. ரஸ் ஒரே வரியில் சொன்னார்.

"ஒரு மணிக்குள்ள ஆறு மில்லியன் வெளியே போகணும். இல்லேன்னா நீ போகணும்."

முர்ரேவின் அறைச் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை. அதில் ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் ஒரு காந்த அட்டை. பெயர், பக்கத்திலே சம்பளம். இருபத்துமூன்று அட்டைகளையும் முர்ரே மேலிருந்து கீழ் வரை பார்த்தார். பார்க்கத் தேவையே இல்லை. போகவேண்டியது யார் என்று பலகையைத் துடைக்கிற அம்மாளுக்குக்கூடத் தெரியும்.

வெர்ன் ஃப்ரீசன். டிஃபென்ஸ். வயது முப்பத்தைந்து. வருஷத்துக்கு எட்டு மில்லியன், இன்னும் மூன்று வருஷம்.

பழைய மேனேஜர் ஒருவர், வெர்ன் ஒரே வாரத்தில் நாலு கோல் போட்ட குஷியில் எழுதிக்கொடுத்த ஒப்பந்தம் அது. அந்த மேனேஜர் இப்போது கெலோனாவில் படகு விற்கிறார். வெர்ன் அதற்குப் பிறகு மொத்தமாகவே நாலு கோல்தான் போட்டார். வலது முழங்காலில் மூன்று அறுவை சிகிச்சை. அவர் ஐஸில் ஒரு முறை திரும்புவதற்குள் எதிரணி கோல் போட்டு, கட்டிப்பிடித்துக் கொண்டாடி, அடுத்த ஆட்டத்துக்குத் தயாராக நின்றுவிடும்.

ஆனால் ஊருக்கு வெர்ன் என்றால் உயிர். பனியில் மாட்டிக்கொண்ட கார்களை இறங்கித் தள்ளுவார். யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் மேஜை நாற்காலி அடுக்குவார். அதெல்லாம் சம்பள உச்சவரம்பில் கழிவதில்லை.

வெர்னை வெளியே அனுப்புவதிலும் ஒரு முடிச்சு இருந்தது. அவர் எழுத்து மூலம் சம்மதிக்காமல் எந்த அணிக்கும் அவரை அனுப்ப முடியாது என்று ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து. சரி, கேட்டுவிடலாம் என்றால் இன்று ராத்திரி ஆட்டம். ஆட்ட நாளில் வெர்ன் காலைப் பயிற்சிக்கு வருவதில்லை. ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை வீட்டில் தூங்குவார். ஆட்ட நாளில் ஆட்டக்காரரின் தூக்கத்தைக் கலைக்கக் கூடாது என்பது எங்கும் எழுதி வைக்கப்படாத விதி. எழுதி வைத்த விதிகளை மீறுகிறவர்கள்கூட இதை மீற மாட்டார்கள். ஒருமுறை வெர்னின் பக்கத்து வீடு தீப்பிடித்தபோது, தீயணைப்பு வண்டி அந்தத் தெருவுக்குள் சைரனை அணைத்துவிட்டு வந்தது.

அதனால் வெர்னின் சார்பில் கையெழுத்துப் போடும் அதிகாரம் அவர் மனைவி லோரெட்டாவிடம் இருந்தது. லோரெட்டா ஊருக்கு வெளியே மாட்டுச் சந்தையில் ஏலம் விடுகிறவர். மார்ச் மாதம் காளை விற்பனைக் காலம். முர்ரே போன் செய்தபோது பின்னணியில் ஏதோ ஒன்று அடிவயிற்றிலிருந்து கத்தியது.

"சொல்லுங்க முர்ரே. ரெண்டு நிமிஷம்தான். அடுத்தது சிவப்பு ஆங்கஸ் காளை."

மில்வாக்கி அணி வெர்னை எடுத்துக்கொள்ளத் தயாராக இருக்கிறது என்றார் முர்ரே. அங்கே வெர்னின் அக்கா இருக்கிறாள், வேண்டாம் என்றார் லோரெட்டா. முர்ரே அரைமணி நேரம் அலைந்து ஓக்லஹோமாவைப் பிடித்துக்கொண்டு வந்தார். அங்கே வெயில் ஜாஸ்தி, வேண்டாம். வின்ட்சர்? அங்கே ஆற்றுக்கு அந்தப் பக்கம் அமெரிக்கா தெரியும், அது வெர்னுக்குப் பிடிக்காது.

"லோரெட்டா, எந்த ஊர்தான் பிடிக்கும்?"

"கேளுங்க. கேட்டாத்தானே தெரியும்."

முர்ரே யோசித்துக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. டூசான் அணியின் மேனேஜர் ஓச்சோவா. லீக்கில் உச்சவரம்பு மட்டுமல்ல, அடிவரம்பும் உண்டு. எந்த அணியும் ஒரு தொகைக்குக் கீழே சம்பளம் கொடுத்து மிச்சம் பிடிக்க முடியாது. ஓச்சோவாவின் அணிக்கு அந்த அடிவரம்பை எட்ட நாலு மில்லியன் குறைந்தது. ஒரு மணிக்குள் எட்டாவிட்டால் அவர் தலையும் உருளும்.

"வெர்ன் ஃப்ரீசனைக் குடுத்துடுங்க. அப்படியே எட்டு மில்லியனோட எடுத்துக்கறேன்" என்றார் ஓச்சோவா.

முர்ரேவின் மனசாட்சி லேசாக விழித்தது. "அவரால இப்பல்லாம் ஓட முடியாது."

"நிக்க முடியுமா?"

"நிப்பாரு."

"போதும். எனக்கு ஆள் வேண்டாம். சம்பளம்தான் வேணும்."

கூடவே, புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நாளில் சாஸ்கடூனுக்கு உள்ள இரண்டாம் சுற்று வாய்ப்பையும் கேட்டார் ஓச்சோவா. முர்ரே பேரம் பேசாமல் கொடுத்தார். லோரெட்டாவுக்குப் போன் போட்டார். டூசான், அரிசோனா என்றார். பாலைவனம் என்று சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டார்.

"டூசானா? சரி. காகிதத்தை அனுப்புங்க" என்றார் லோரெட்டா.

நாலு நிமிஷத்தில் கையெழுத்தோடு வந்தது. பத்தே முக்காலுக்கு லீக் அலுவலகம் முத்திரை குத்திவிட்டது. முர்ரே பலகையிலிருந்து வெர்னின் அட்டையைக் கழற்றினார். ஆறு மில்லியன் போதும் என்ற இடத்தில் எட்டு போய்விட்டது. வரம்புக்குக் கீழே இரண்டு மில்லியன் சும்மா கிடந்தது.

ரஸ் வந்து முர்ரேவைக் கட்டிப்பிடித்தார். பதினான்கு வருஷத்தில் முதல் தடவை. முர்ரே உட்கார்ந்து, சாஸ்கடூன் பழம் வைத்துச் சுட்ட பை என்ற பலகாரத்தில் ஒரு துண்டை வாயில் வைத்தார்.

அது தொண்டையில் இறங்குவதற்குள் பயிற்சியாளர் கஸ், காலில் மாட்டிய ஸ்கேட்டோடு, அறைக்குள் நடந்து வந்தார். தரைவிரிப்பில் கோடு விழுந்தது.

"ஏம்ப்பா, ராத்திரி ஆட்டத்துக்கு ஆறு டிஃபென்ஸ் வேணும். எங்கிட்ட அஞ்சு இருக்கு. அஞ்சை வெச்சு நான் என்ன பண்றது?"

"வெர்ன் இருந்தப்பவும் அஞ்சரைதானே?"

"அந்த அரைதான்யா கோலுக்கு முன்னால பாறை மாதிரி நிக்கும். அடிக்கற அடியெல்லாம் வாங்கும். இன்னிக்கு யாரை நிறுத்தறது, உன்னையா?"

கீழ் அணியிலிருந்து யாரையாவது கூப்பிடலாமே என்றார் முர்ரே. அந்தக் கோட்டாவைப் போன மாதமே தீர்த்தாயிற்று என்று நினைவுபடுத்தினார் கஸ். தீர்த்தது யார் என்றும் நினைவுபடுத்தினார்.

அதற்குள் வெர்னை விற்ற செய்தி வானொலியில் போய்விட்டது. மைனஸ் இருபத்திரண்டு குளிரில், வேலைக்குப் போகவேண்டியவர்கள் எல்லாம் அரங்கத்தின் வாசலுக்கு வந்தார்கள். ஒருவர் கையில் வெர்னின் படம். இன்னொருவர் கையில் முர்ரேவின் படம், ஆனால் தலைகீழாக. அரங்கத்துக்குள் பெரோகிக் கொழுக்கட்டை விற்கும் டோனியா அம்மாள், வெர்ன் இல்லாத அணிக்கு மாவு பிசைய முடியாது என்று அடுப்பை அணைத்துவிட்டு அவர்களோடு போய் நின்றுகொண்டார்.

ரஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தார். முகம் மாறியது.

"வெர்னை யாரு வித்தது?"

"நீங்கதான் கையெழுத்துப் போட்டீங்க."

"நீ நீட்டினே. போட்டேன்."

இரண்டு மில்லியனுக்கு ஒரு டிஃபென்ஸ் பிடி, இன்று ராத்திரி ஆடவேண்டும், இல்லையென்றால் காலையில் சொன்னதேதான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

முர்ரே இருபது போன் போட்டார். பதினொன்றே முக்காலுக்கு ஹாமில்டன் அணியிடம் ஒருவர் கிடைத்தார். ஓலா நோர்டின், ஸ்வீடன்காரர், இருபத்தெட்டு வயது, இடது கை, இரண்டு மில்லியன். வலுவாக அடிப்பாரா, அடிப்பார். வேகமா, ரொம்ப வேகம். கெட்ட பழக்கம் ஏதாவது? பழமொழி மாதிரி பேசுவார், அவ்வளவுதான். பதிலுக்கு ஹாமில்டன் கேட்டது சாஸ்கடூனின் இரண்டாவது கோலியை, அதாவது கோல் காப்பவரை. ராத்திரி முதல் கோலிதானே ஆடப்போகிறார் என்று முர்ரே கொடுத்தார். ரஸ்ஸிடம் காகிதத்தை நீட்டினார். ரஸ் போட்டார்.

பலகையில் நோர்டினின் அட்டையை மாட்டிவிட்டு, எப்போது வந்து சேருவார் என்று கேட்க அவருக்கே போன் செய்தார்.

"ஏப்ரல் பன்னண்டு" என்றார் நோர்டின்.

"என்ன ஏப்ரல்?"

"அன்னிக்குத்தான் கட்டைப் பிரிக்கறாங்க."

கிறிஸ்துமஸுக்குக் கட்டிய விளக்குகளை மார்ச் மாதத்தில் கழற்றுகிறேன் என்று ஏணியில் ஏறி, நேற்று மாலை விழுந்திருக்கிறார். கணுக்காலில் இரண்டு இடத்தில் முறிவு. முர்ரே ஹாமில்டனைக் கூப்பிட்டார். அந்த மேனேஜர் வருத்தமே இல்லாமல் சொன்னார்: "நீங்க எல்லாம் கேட்டீங்க. கால் எப்படி இருக்குன்னு கேக்கவே இல்லையே."

மணி பன்னிரண்டு பத்து. காலையில் எழுந்தபோது முர்ரேவிடம் ஆறு டிஃபென்ஸும் இரண்டு கோலிகளும் இருந்தார்கள். இப்போது ஐந்து டிஃபென்ஸ், ஒரு கோலி, ஒரு மாவுக்கட்டு. வரம்பில் மிச்சம் பூஜ்யம். வெளியே கூட்டம் இரண்டு மடங்கு.

ஒவ்வொரு அரங்கத்திலும் ஆபத்துக்கு உதவ ஊர்க்காரர் ஒருவரை அவசர கோலியாகப் பெயர் எழுதி வைத்திருப்பார்கள். சாஸ்கடூனில் அது ஒரு பல் டாக்டர். முர்ரே கூப்பிட்டபோது அவர் ஒருவர் வாயில் துளை போட்டுக்கொண்டிருந்தார். ராத்திரி வருகிறேன், ஆனால் முகத்தில் மட்டும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

ரஸ் மறுபடி வந்தார். இந்த முறை கையில் ஓர் அட்டைப் பெட்டி. அதை முர்ரேவின் மேஜைமேல், காப்பிக்கும் பலகாரத்துக்கும் நடுவில் வைத்தார்.

"இப்ப காலியாத்தான் இருக்கு. ஒரு மணி வரைக்கும்."

முர்ரே பெட்டியைப் பார்த்தார். பதினான்கு வருஷச் சாமான் அதில் அடங்கிவிடும் என்று தெரிந்தது. அதுதான் வலித்தது.

வெட்கத்தை விட்டுவிட்டு டூசானைக் கூப்பிட்டார். வெர்னைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்கத் தயாராகத்தான் இருந்தார். எட்டு மில்லியனுக்கு எங்கே போவது என்பது அடுத்த பிரச்சினை. ஆனால் ஓச்சோவா வேறு லைனில் இருக்கிறார், பதினைந்து நிமிஷமாகவே இருக்கிறார் என்றாள் அவர் செயலாளர்.

கடைசியாக லோரெட்டாவைக் கூப்பிட்டார். எதற்கென்று அவருக்கே தெரியவில்லை. யாரிடமாவது மன்னிப்புக் கேட்கவேண்டும் போல இருந்தது.

"வெர்ன் எழுந்துட்டாரா?"

"ஒரு மணி ஆகலையே. உங்க பக்கம் எப்படி? அந்த ரெண்டு மில்லியன் பத்திரமா இருக்குல்ல?"

"இல்லை. அதுக்கு ஒரு ஸ்வீடன்காரரை வாங்கிட்டேன். கால்ல கட்டு."

மறுமுனையில் ஒரு காளை மட்டும் கத்தியது.

"யாரை வாங்கினீங்க?" என்றார் லோரெட்டா. முர்ரே பதில் சொல்வதற்குள் போன் துண்டிக்கப்பட்டது. கோபம்தான், பாவம் என்று நினைத்துக்கொண்டார் முர்ரே. கணவனைத் துரத்திவிட்டு அந்தப் பணத்தில் மாவுக்கட்டு வாங்கினால் யாருக்குத்தான் கோபம் வராது.

பன்னிரண்டு முப்பது. பன்னிரண்டு முப்பத்தைந்து. முர்ரே மேஜை இழுப்பறையைத் திறந்து, பேனாக்களை எடுத்துப் பெட்டியில் போட ஆரம்பித்தார்.

பன்னிரண்டு நாற்பத்தொன்றுக்குப் போன் அடித்தது. ஹாலிஃபாக்ஸ் அணியின் மேனேஜர் மெக்காஸ்கில். அந்த அணி இந்த வருஷம் எப்போதோ தோற்று முடித்துவிட்டது. மூச்சு வாங்கப் பேசினார், மாடிப்படி ஏறி வந்தவர் போல.

"உங்களுக்கு ஒரு டிஃபென்ஸ் வேணும்னு கேள்விப்பட்டேன். எங்கிட்ட ஒருத்தர் இருக்கார். இடது கை. நல்ல அனுபவம். ரெண்டு மில்லியன். உங்க ஸ்வீடன்காரரை நாங்க எடுத்துக்கறோம். அடுத்த வருஷ மூணாம் சுற்று வாய்ப்பை மட்டும் குடுத்துடுங்க."

முர்ரே காலையிலிருந்து ஒன்று கற்றுக்கொண்டிருந்தார்.

"கால் எப்படி?"

"ரெண்டும் இருக்கு."

"கட்டு?"

"இல்லை."

"ஏணி ஏறுவாரா?"

"ஏற மாட்டார். ஏறச் சொன்னாலும் ஏற மாட்டார்."

"இன்னிக்கு ராத்திரிக்குள்ள ஹாலிஃபாக்ஸ்லேர்ந்து எப்படி வந்து சேருவார்?"

"அதைப் பத்திக் கவலையே படாதீங்க. ஆட்டம் தொடங்கறப்ப அவர் அங்க இருப்பார்."

பெயர் என்ன என்று கேட்டார் முர்ரே. காகிதத்தில் இருக்கிறது, அனுப்பிவிட்டேன், நேரமில்லை என்று வைத்துவிட்டார் மெக்காஸ்கில்.

காகிதம் வந்தது. முர்ரேவின் கண் நேராகத் தொகைக்குப் போனது. இரண்டு மில்லியன். அடுத்து நோர்டின் போகிறாரா என்று பார்த்தார். போகிறார். கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டு ஐம்பது. பெயர் இருந்த வரியைப் பார்க்கும் பொறுமை எந்த நரம்பிலும் மிச்சமில்லை. தாழ்வாரத்தில் ஓடி ரஸ்ஸிடம் நீட்டினார். ரஸ் எதையும் படிக்கிறவர் இல்லை. போட்டார். பன்னிரண்டு ஐம்பத்தாறுக்கு லீக் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

நாலு நிமிஷம் கழித்துக் கதவு சாத்தப்பட்டது.

ஒன்று ஐந்துக்கு லீக் அலுவலகத்திலிருந்து அழைப்பு. ரஸ் ஸ்பீக்கரில் போடச் சொன்னார். கஸ்ஸும் வந்து நின்றார். மறுமுனையில் ஓர் இளம்பெண், தூக்கக் கலக்கம் மாதிரியான அதிகாரக் குரலில், உறுதிப்படுத்தப் படித்தாள்.

"ஹாலிஃபாக்ஸ் பெறுவது: ஓலா நோர்டின், மூணாம் சுற்று வாய்ப்பு ஒண்ணு. சாஸ்கடூன் பெறுவது: வெர்னன் ஃப்ரீசன்."

ஸ்பீக்கர் கரகரத்தது.

"யாரு?" என்றார் ரஸ்.

"வெர்னன் ஃப்ரீசன். டிஃபென்ஸ். இடது கை."

"அவரைத்தானேய்யா காலையில வித்தோம்" என்று முர்ரேவின் பக்கம் திரும்பினார் ரஸ். அவர் கை அட்டைப் பெட்டியை நோக்கிப் போனது. முர்ரே தானாகவே கோட்டை எடுத்துக்கொண்டார். காலையில் இரண்டாம் சுற்றைக் கொடுத்து அனுப்பிய ஆளை, மத்தியானம் மூன்றாம் சுற்றையும் ஒரு கோலியையும் கொடுத்துத் திரும்ப வாங்கியிருக்கிறார். இனி எந்த ஊரிலும் அவருக்கு வேலை கிடைக்காது. படகு விற்கக்கூட.

"சம்பளம் எட்டு மில்லியன்னு எழுதியிருக்கா?" என்று கேட்டார் முர்ரே.

"உங்களுக்கு ரெண்டு" என்றாள் அந்தப் பெண்.

"மிச்சம் ஆறு?"

அவள் பொறுமையாகச் சொன்னாள். ஒரு ஆட்டக்காரரை விற்கும் அணி, அவர் சம்பளத்தில் பாதி வரை தன் தலையிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று விதி இருக்கிறது. டூசான், வெர்னை ஹாலிஃபாக்ஸுக்கு விற்றபோது நாலு மில்லியனைத் தானே வைத்துக்கொண்டது. அதோடு அவர்கள் அடிவரம்பும் எட்டிவிட்டது. ஹாலிஃபாக்ஸ், சாஸ்கடூனுக்கு விற்றபோது மிச்சமிருந்ததில் பாதியை வைத்துக்கொண்டது.

"இது விதிப்படி செல்லுமா?" என்றார் முர்ரே.

"மூணு பேர் உக்காந்து புத்தகம் பூராவும் பாத்துட்டோம். தப்புன்னு எங்கயும் போடலை. இப்படி ஒருத்தர் பண்ணுவாங்கன்னு யாருக்கும் தோணலை. அடுத்த வருஷம் போட்டுடுவோம்."

ரஸ் விரல்விட்டு எண்ணினார். எட்டு. நாலு. இரண்டு. மறுபடி எண்ணினார்.

"அதே வெர்ன்?"

"அதே வெர்ன்" என்றார் முர்ரே.

"அதே முழங்கால்?"

"அதே முழங்கால்."

"லெஹ்டோ?"

"இருக்கார். சரியா வரம்புல நிக்கறோம். ஒரு டாலர் மேல இல்லை, கீழ இல்லை."

ரஸ் அட்டைப் பெட்டியைத் தூக்கினார். உள்ளே இருந்த பேனாக்களை முர்ரேவின் மேஜைமேல் ஒவ்வொன்றாக அடுக்கி வைத்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"அடப்பாவி. காலையிலேர்ந்து இதைத்தான் பண்ணிட்டிருந்தியா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேய்யா."

பதினான்கு வருஷத்தில் முர்ரே பொய்யே சொன்னதில்லை. சொல்லும்படியான சந்தர்ப்பம் வாய்த்ததில்லை.

"சொன்னா வெளியே கசிஞ்சுடும், ரஸ்."

"அந்த ஸ்வீடன்காரன்?"

"மத்த அணிகளோட கவனத்தைத் திருப்ப."

கஸ் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

அதன்பிறகு நடந்ததெல்லாம் திருவிழாதான். வானொலியில் முர்ரேவை மூளைக்காரர் என்றார்கள். சில நிமிஷத்தில் அது மேதை ஆயிற்று. வாசலில் ஒருவர் கையிலிருந்த முர்ரேவின் படம் நிமிர்ந்தது. கூட்டம் அவர் பெயரைச் சொல்லிக் கத்தியது. டோனியா அம்மாள் அடுப்பைப் பற்றவைத்து, வெண்ணெயில் வதக்கிய வெங்காயத்தோடு ஒரு தட்டுப் பெரோகியை முதலில் முர்ரேவின் மேஜைக்கு அனுப்பினார். வேறு மூன்று அணிகளின் மேனேஜர்கள் போன் செய்து, எப்படிச் செய்தீர்கள் என்று பணிவாகக் கேட்டார்கள். முர்ரே பணிவாகச் சொல்ல மறுத்தார். ஹாமில்டன் மேனேஜர் மட்டும் போன் செய்யவில்லை.

ரஸ் அங்கேயே, கஸ்ஸைச் சாட்சியாக வைத்துக்கொண்டு, முர்ரேவுக்கு ஆறு வருஷ ஒப்பந்தம் எழுதிக்கொடுத்தார். அவர் சம்மதமில்லாமல் அவரை வேலையைவிட்டு அனுப்ப முடியாது என்ற ஷரத்தோடு.

முர்ரே நாற்காலியிலிருந்து எழுந்து, பலகையில் வெர்னின் அட்டையைப் பழைய இடத்தில் மாட்டினார். எட்டை அழித்து இரண்டு என்று எழுதினார். சற்றுத் தள்ளி நின்று பார்த்தார். உண்மையிலேயே இதைத் தாமே திட்டமிட்டோமோ என்று அவருக்கே ஒரு சந்தேகம் வர ஆரம்பித்தது.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. வெர்ன் இப்போது எழுந்திருப்பார். ஒரே தூக்கத்தில் மூன்று அணிகளுக்கு ஆடிவிட்டு வந்திருக்கிறார், பாவம், அவருக்கு எதுவும் தெரியாது. லோரெட்டா கோபத்தில் போனை வைத்தவர். அவரிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லவேண்டும். முர்ரே தொண்டையைச் செருமிக்கொண்டு, வெற்றி பெற்றவருக்குரிய நிதானத்தோடு எண்ணை அழுத்தினார்.

சந்தையில் ஏலம் முடிந்திருந்தது. பின்னணி அமைதியாக இருந்தது.

"லோரெட்டா, பயப்படாதீங்க. ஒரு நல்ல சேதி. நீங்க எங்கயும் போகவேண்டாம். வெர்னை உங்களுக்காக நான் திரும்பக் கொண்டுவந்துட்டேன். ராத்திரி ஆட்டத்துக்கு அவரை வழக்கம்போல அனுப்பி வைங்க. எப்படி நடந்ததுன்னு அப்புறம் விளக்கமாச் சொல்றேன், கொஞ்சம் சிக்கலான கணக்கு."

லோரெட்டா மெல்லச் சிரித்தார்.

"தெரியும் முர்ரே, ஓச்சோவாவையும் மெக்காஸ்கிலையும் அதுக்குச் சம்மதிக்க வைக்க எனக்கு மூணு நாள் ஆச்சு, நடுவுல நீங்க போய் அந்த ஸ்வீடன்காரரை வாங்கலேன்னா, பன்னண்டு மணிக்கே முடிஞ்சிருக்கும்."